மட்டக்களப்பில் முதல் வாடகை வீடு: குறைந்த காசில் குடிபோக ஒரு வழிகாட்டி

மட்டக்களப்புக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர், போதனா வைத்தியசாலையில் நியமனம் கிடைத்த தாதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்த விரிவுரையாளர், தனிக்குடித்தனம் தொடங்கும் புதுச் சோடி என்று ஒவ்வொரு வருடமும் பலர் இங்கே முதல் வீடு எடுக்கிறார்கள். அனேகமானவர்களுக்கு நடப்பது ஒன்றுதான். முற்பணம் கட்டி முடிந்ததும் கையில் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு முதல் சனிக்கிழமையே தளபாடக் கடைக்குப் போய், செற்றியும் டிவி ஸ்டாண்டும் தவணைக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள். அன்றிரவு நுளம்பு தின்கிறது. விடிந்து தேத்தண்ணி போட்டால் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.

இந்த ஊரில் வீடு போடுவதற்கு ஒரு வரிசை உண்டு: தண்ணீர், காற்று, தூக்கம், அடுப்பு. இந்த நாலும் சரிவந்தபின் மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வரட்டும். கதிரை இல்லாமல் ஆறு மாதம் இருந்தவர்கள் எத்தனையோ பேர். ஃபேன் இல்லாமல் வைகாசி மாத இரவைக் கடத்தியவரை நான் பார்த்ததில்லை.

விலை எதையும் இங்கே எழுதப் போவதில்லை. இந்த நாட்டில் எழுதிய விலை அடுத்த மாதமே பழசாகிவிடுகிறது. எதற்குக் காசை இறுக்கலாம், எதற்கு இறுக்கக் கூடாது என்பதுதான் மாறாமல் இருப்பது.

வீடு பார்க்கும்போது

கிழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகும் சீதனம். கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்வீட்டுப் பக்கம் வருவார். அதனால் வாடகைக்கு வரும் வீடுகளில் பல, மகளுக்கென்று கட்டி, அவள் படித்து முடிக்கும்வரை அல்லது வெளிநாட்டிலிருந்து திரும்பும்வரை சும்மா பூட்டிக் கிடக்க வேண்டாமே என்று கொடுக்கப்படுபவை. இதில் நல்லதும் இருக்கிறது. வீடு புதிதாக இருக்கும், மகளுக்கு என்று பார்த்துக் கட்டியதால் வேலை ஒழுங்காக இருக்கும். கெட்டது என்னவென்றால், சாதகம் பொருந்திவிட்டால் உங்களை எழும்பச் சொல்வார்கள். “மகளுக்கு எப்ப கல்யாணம்?” என்று நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால், “மகள் இப்ப என்ன செய்றா அக்கா?” என்று தொடங்குங்கள். மிச்சத்தை வீட்டுக்கார அக்காவே சொல்லிவிடுவார். ஆறு மாதத்தில் எழும்ப வேண்டிவரும் வீட்டுக்கு நீங்கள் சுவர் அலுமாரி அடிப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு வகை, பாதியில் நிற்கும் வீடு. முன் மண்டபம் டைல்ஸ் பதித்துப் பளபளவென்று இருக்கும். பின்னால் அறைச் சுவர் பூசாமல் கல் தெரியும். குசினி வெளியே கொட்டிலில் இருக்கும். வாடகை குறைவு. பலர் இதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பூசாத சுவரால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. கூரை ஒழுகாமல், மலசலகூடம் உள்ளுக்கோ பக்கத்திலோ இருந்து, கதவு யன்னல் பூட்டினால் பூட்டுப்பட்டால், சின்னச் சம்பளத்துக்கு இந்த வீடுதான் சரி.

இடத்தைப் பொறுத்தவரை, புளியந்தீவு, கோட்டைமுனை, அரசடிப் பக்கம் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும். வாடகையும் அதற்கேற்ற மாதிரி. கல்லடி, நாவற்குடா என்று பாலம் தாண்டினால் கடற்காற்று இலவசம், அதோடு உப்பும் இலவசம். உப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போய் வருபவர்கள் செங்கலடியிலோ ஏறாவூரிலோ தேடலாம். தெற்கே வேலை என்றால் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, இன்னும் கீழே அம்பாறை மாவட்டத்துக் கல்முனை. பஸ் கல்முனை வீதியில் ஓடிக்கொண்டே இருப்பதால், பிரதான வீதியிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்தால் மோட்டார் சைக்கிள் வாங்கும் செலவைத் தள்ளிப்போடலாம்.

வீட்டைப் பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எந்த வீடும் குளுமைதான். கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடியில், சீற் போட்ட கூரையின் கீழே சீலிங் இல்லாத அறை இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்பதை நின்று பார்த்தால்தான் தெரியும். ஓட்டு வீடு அவ்வளவு சுடாது. ஆனால் குரங்கு ஏறும் பக்கமாக இருந்தால் ஓடு விலகி மாரிக்கு ஒழுகும். கொங்கிறீட் தட்டுப் போட்ட வீடு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில்தான் வெக்கையைக் கக்கும். இது நித்திரைக்கு ஆகாது. வாடகை ஒன்றுபோல இருந்தால் நான் ஓட்டு வீட்டைத்தான் எடுப்பேன்.

வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள். “மாரிக்கி முழங்காலுக்குத் தண்ணி நிக்கும் மகள், தெரிஞ்சுதான் எடுக்கிறீங்களா?” என்று ஓர் ஆச்சி சொன்னால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். கேட்க ஆளில்லாவிட்டால் மதிலின் வெளிப்பக்கத்தையும் மலசலகூடச் சுவரையும் பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவர் நெடுகக் கறை ஒன்று ஓடும். புதிதாக வெள்ளை அடித்திருந்தாலும் கீழே ஒன்றிரண்டு அடிக்கு மட்டும் பெயின்ட் பொருக்கு விடும். கார்த்திகை, மார்கழியில் வாவி நிறைந்து, வெள்ளத்தைக் கடலுக்கு விட முகத்துவாரத்தை வெட்டும் நிலை வருகிறது என்றால், வாவியோரத்துத் தாழ்ந்த வளவுகளில் அதற்கு முன்பே தண்ணீர் ஏறியிருக்கும். 2011 தையில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை, “அந்த வருசம் இந்த வளவுக்குள்ள எவ்வளவு வந்தது?” என்று கேட்டாலே போதும்.

தண்ணீர்

நகரத்திலும் கரையோரத்திலும் குழாய்த் தண்ணீர் உண்டு. மட்டக்களப்புக்கு வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். வீட்டில் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், குழாயைத் திறந்து பாருங்கள். கடைசிப் பற்றுச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிலுவை இருந்தால் இணைப்பை வெட்டும்போது உள்ளே இருக்கப்போவது நீங்கள்தான்.

குழாய் இருந்தாலும் கிணறு முக்கியம். குளிக்க, துவைக்க, கூட்டிக் கழுவ எல்லாம் கிணறுதான். பற்றுச் சீட்டும் குறையும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் திடலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு நிறைய இறைத்தால், அல்லது கோடை நீண்டால், கீழே இருக்கும் உப்பு மேலே வரும். ஆகவே மாசி மாதம் தித்தித்த கிணறு ஆவணியில் கரிக்கலாம். இதையும் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். நெருக்கமான குடியிருப்புகளில் உங்கள் குழி தூரத்தில் இருக்கும். பக்கத்து வளவுக் குழி உங்கள் கிணற்றுக்கு அடுத்தாற்போல இருக்கும். குடிக்க எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆறவிட்டே குடியுங்கள்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போய் வெறும் தேத்தண்ணி ஊற்றிப் பாருங்கள். நல்ல தண்ணீரென்றால் தேத்தண்ணி செம்மையாக இருக்கும். இரும்புச் சத்துக் கூடியதென்றால் தேயிலைச் சாயத்தோடு சேர்ந்து கறுத்து, மை கலந்தாற்போல ஆகிவிடும். அதே தண்ணீரை வெள்ளை வாளியில் ஓரிரவு வைத்தால் அடியில் காவி நிறத்தில் படியும். அந்தத் தண்ணீரில் வெள்ளைச் சீருடை துவைத்தால் ஒரு பாடசாலைத் தவணைக்குள் மஞ்சளாகிவிடும். பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புபவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

ஒப்பந்தம்

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்ல வேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கடையில் விற்கும் படிவத்தில் இரண்டு கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது ஒரு ஞாபகக் குறிப்பு மட்டும்தான். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். பல மாத முற்பணம் கொடுக்கிறீர்கள் என்றால் அதற்கு வேறு காவல் இல்லை. முற்பணம் மாதாமாதம் கழிபடுமா, கடைசியில் திரும்பி வருமா, முன்கூட்டி எழும்பினால் என்ன, திருத்த வேலை யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். திறப்பு வாங்கும் நாளில் மின் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் இலக்கம் தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். உடைந்த கண்ணாடி, வெடித்த பேசின், கழன்ற கொண்டி எல்லாவற்றுக்கும் அதேபோலப் படம். சண்டைக்காக இல்லை; ஒரு வருடம் கழித்து இரண்டு பேருக்கும் மறந்துபோகும் என்பதற்காக.

வந்த கிழமையிலேயே கிராம சேவகரைப் போய்ச் சந்தித்துவிடுங்கள். வதிவிடச் சான்று, பிள்ளைக்குப் பாடசாலை, வாக்காளர் பதிவு என்று எதற்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். வெள்ள நிவாரணப் பட்டியலும் அவர் கையில்தான்.

குடிபோகும் நாள்

பால் காய்ச்சுவதற்கு நல்ல நாள் பார்த்தாயிற்று என்றால், அதற்கு முதல் நாளே வந்து கூட்டிக் கழுவி விடுங்கள். பால் பொங்கும் அன்று தும்புத்தடி தேடக் கூடாது. முதல் நாளைக்கு வேண்டியது இவ்வளவுதான்: தும்புத்தடி, ஈர்க்கு விளக்குமாறு, இரண்டு வாளி, கப், ஒரு குடம், கத்தி, ஒரு சட்டி, ஒரு கேத்தல், நாலு கோப்பை, பாய், தலையணை, நுளம்பு வலை, மின்குமிழ் மூன்று நாலு, ஒரு டோர்ச், ஆணி, சுத்தியல், கொடிக்கயிறு. வாளியையும் கப்பையும் பிளாஸ்டிக் சாமான் கடையில் வாங்கும்போது ஒரே தடவையில் வாங்கினால் விலை பேசலாம். காத்தான்குடிக் கடைத்தெரு இதற்கு நல்ல இடம்; சின்னச் சாமான் எல்லாம் ஒரே நடையில் முடியும், பேரம் பேசினாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருக்கும்.

பூட்டை மாற்றுங்கள். பழைய குடியிருப்பாளர் எத்தனை திறப்பு வெட்டி வைத்திருந்தார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. முன்கதவுக்கு ஒரு நல்ல பூட்டு, அவ்வளவுதான் செலவு.

சாமான் ஏற்ற முழு லொறி தேவைப்படாது. சின்னப் பட்டா லொறி ஒன்று போதும். பேசும்போது ஏற்று இறக்குக் கூலியும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். இறக்கி முடிந்து வியர்வையோடு நிற்கும்போது கேட்டால் கூலி கூடித்தான் இருக்கும்.

காற்றும் தூக்கமும்

காசு இறுக்கக் கூடாத இடம் இது. வீட்டில் சீலிங் ஃபேன் இருக்கிறதா என்று பார்க்கும்போது, ஓடுகிறதா, ஆடுகிறதா, ரெகுலேட்டர் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் படுக்கை அறைக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள். மண்டபத்துக்குப் பிறகு பார்க்கலாம். வாடகை வீடுதானே என்று சீலிங் ஃபேனைத் தவிர்த்து ஸ்டாண்ட் ஃபேன் வாங்குபவர்கள் உண்டு. அதுவும் சரிதான், எழும்பிப் போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் நுளம்பு வலைக்குள் காற்று நுழைய மேலிருந்து அடிக்கும் ஃபேன்தான் நல்லது.

வலை விடயத்தில் பேச்சே இல்லை. மழைக்குப் பிறகு டெங்கு இங்கே வழமையாக வருவது. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். பகலில் படுக்கும் இரவு வேலைக்காரர்களும் குழந்தைகளும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். வலை வாங்கும்போது தொங்கும் உயரத்தை அளந்து வாங்குங்கள். பாயில் படுக்கும்போது சரியாக இருந்தது கட்டில் வாங்கியதும் நீளம் மிஞ்சும், அது பரவாயில்லை. குறைந்தால்தான் வினை. பின்னேரம் ஐந்தரைக்கு யன்னலைச் சாத்தி ஏழு மணிக்குத் திறக்கும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. யன்னலுக்கு வலை அடித்துவிட்டால் அதுவும் வேண்டாம். வலைத் துணியை யார் (கஜம்) அளவில் வாங்கி, மரச் சட்டத்தில் ஊசி ஆணியால் அடித்துவிடலாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

கட்டில் அவசரமில்லை. கோடையில் சீமெந்து நிலத்தில் பன்பாய் விரித்துப் படுப்பதை விடச் சுகம் வேறில்லை. பன்பாய் இந்தப் பக்கத்துப் பெண்கள் இழைப்பது, பிளாஸ்டிக் பாயைப்போல வியர்க்காது. மாரிக்கு முன்னர் கட்டிலும் மெத்தையும் வந்துவிட வேண்டும், அப்போது நிலம் ஈரம் கக்கும். மெத்தையை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய மெத்தையோடு மூட்டைப் பூச்சி வரும், அது வீட்டை விட்டுப் போகாது. ஒருவருக்கு ஆறடிக்கு மூன்றடி, இரண்டு பேருக்கு ஆறடிக்கு ஐந்தடி என்று பொதுவாகக் கிடைக்கும். நாலடிக் கட்டில் இரண்டு பேருக்குப் போதும் என்று கடைக்காரர் சொல்வார், வெக்கையில் போதாது.

மின்சாரம்: 60 அலகுக் கணக்கு

வீட்டுப் பாவனைக்கான மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கணக்கு, நிலையான கட்டணமும் கூடும். ஆகவே 61ஆவது அலகு மற்ற அலகுகளைப்போல இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சாமான் வாங்குங்கள்.

ஒரு சாதாரண சீலிங் ஃபேன் 75 வொட். இரவு பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் அலகு. மாதத்துக்கு 22, 23 அலகு. 9 வொட் எல்ஈடி குமிழ்கள் நாலும் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் ஐந்தரை அலகு. 700 வொட் ரைஸ் குக்கர் நாளுக்கு அரை மணி என்றால் பத்தரை. எல்லாம் சேர்த்து 40க்குள். போன் சார்ஜ், அயர்ன், கொஞ்ச நேரம் டிவி என்று பார்த்தாலும் 60ஐத் தொடாது. இதற்கு மேல் ஒரு பிரிட்ஜ் வந்தால்? பழைய பிரிட்ஜ் நாளுக்கு ஓர் அலகு தின்னும், மாதம் 30. அப்போது தாண்டிவிட்டீர்கள். பிரிட்ஜை மலிவாக யாரோ கொடுக்கிறார்கள் என்று எடுத்தவர்கள் அந்த மலிவை மாதாமாதம் மின் கட்டணத்தில் கட்டுகிறார்கள். மீன் தினமும் சந்தையில் பச்சையாகக் கிடைக்கும் ஊரில், தனி ஆளுக்கோ சோடிக்கோ முதல் வருடம் பிரிட்ஜ் இல்லாமல் காலம் தள்ளலாம். குழந்தை இருந்தால், இன்சுலின் வைக்க வேண்டியிருந்தால் வேறு கதை. அப்போது புதிய இன்வெர்ட்டர் வகையைத் தவணைக்கு எடுத்தாலும் நியாயம்.

பழைய வீடுகளில் வட்டக் கால் பிளக் பேஸ் இருக்கும். புதுச் சாமான் எல்லாம் 13 அம்பியர் சதுரக் கால். மல்டி பிளக்கில் ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சொருகி கேத்தலையும் ரைஸ் குக்கரையும் ஓட்டாதீர்கள். குசினியிலாவது ஒரு 13 அம்பியர் பேஸ் வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றிவிடுங்கள். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை ஒரு தடவை அமத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே விழவேண்டும். விழாவிட்டால் குடிபோகுமுன் வீட்டுக்காரர் மாற்றித் தரட்டும். மீற்றர் வீட்டுக்காரரோடு பொதுவென்றால், உப மீற்றர் ஒன்று போட்டுத் தரக் கேளுங்கள். “பாதிப் பாதி போடுவம்” என்பது மேல் வீட்டில் ஏசி வரும் வரைதான் நியாயம்.

குசினி

காஸ் சிலிண்டரில் 12.5 கிலோவும் உண்டு, 5 கிலோவும் உண்டு. இரண்டு பேருக்கு 5 கிலோ போதும், சைக்கிளில் கட்டிக் கொண்டுவரலாம். புதுச் சிலிண்டர் எடுத்தால் வெற்றுச் சிலிண்டருக்கும் சேர்த்துக் காசு போகும். மாற்றலாகிப் போகிறவர்களிடம் வெற்றுச் சிலிண்டர் வாங்கினால் அதில் பாதி மிஞ்சும். சிலிண்டர் லிட்ரோ கம்பனியா லாஃப்ஸ் கம்பனியா என்று பார்த்து அதற்குரிய ரெகுலேட்டரையே வாங்குங்கள். அடுப்பு பழசாக இருக்கலாம். ரெகுலேட்டரும் குழாயும் புதிதாகவே இருக்க வேண்டும்.

பூட்டியதும் செய்ய வேண்டியது இது. ஒரு கோப்பையில் சவர்க்காரத்தை நுரைக்கக் கரைத்து, விரலால் தொட்டு, ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம், குழாய் ரெகுலேட்டரில் ஏறும் இடம், குழாய் அடுப்பில் ஏறும் இடம் என்று மூன்று இடத்திலும் தடவுங்கள். அடுப்பைப் பற்றவைக்காமல் ரெகுலேட்டரை மட்டும் திறந்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நுரை அப்படியே கிடந்தால் சரி. ஒரு குமிழி ஊதி ஊதிப் பெருத்தால் மூடிவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த செய்திகள் வந்தபின் இந்தச் சவர்க்காரச் சோதனை ஊருக்கே பாடமாகிவிட்டது. புதுச் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள்.

2022இல் காஸ் வரிசையில் நின்றவர்கள் இன்றைக்கும் வெளியே ஒரு விறகு அடுப்பை விட்டுவைத்திருக்கிறார்கள். மூன்று கல்லும் ஒரு சீற் துண்டும் போதும். தேங்காய் மட்டை, சிரட்டை, பாளை எல்லாம் வளவுக்குள்ளேயே விழும். தண்ணீர் கொதிக்க வைப்பது, நெல் அவிப்பது மாதிரி நேரம் பிடிக்கும் வேலை எல்லாவற்றையும் வெளியே போட்டால் சிலிண்டர் பல நாள் கூடுதலாக வரும்.

சாமான்களில் முதலில் வேண்டியவை: மண்சட்டி ஒன்று மீனுக்கு, அலுமினியச் சட்டி இரண்டு, தாச்சி, அகப்பை, திருவலை, இடியப்ப உரலும் தட்டும், புட்டுக்குழல், அரிதட்டு, சுளகு. மிக்ஸி தள்ளிப் போடலாம், பழைய வீட்டு வளவுகளில் அம்மி சும்மா கிடக்கும், கழுவி எடுத்தால் போதும். மண்சட்டியை வாங்கியதும் ஓரிரவு தண்ணீரில் ஊறப்போட்டு, அடுத்த நாள் கஞ்சித் தண்ணீர் கொதிக்கவிட்டு எடுத்தபின் புளி போட்டுச் சமையுங்கள். எருமைத் தயிர் வாங்கினால் வரும் சட்டியை எறியாதீர்கள். அடுப்புக்கு அது தாங்காது. உப்பு, புளி, வெங்காயம் போட்டு வைக்க அதைவிட நல்ல பாத்திரம் கடையில் இல்லை. மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் திருவிழாவுக்குக் கடைகள் வரும்; சட்டி பானை, அகப்பை, சுளகு என்று வீட்டுச் சாமான் பார்க்க நல்ல நேரம். கடைசி நாளில் பேரம் நன்றாகப் படியும்.

தளபாடம்

இங்கேதான் அவசரம் ஆளை விழுத்துகிறது. நாலு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு மடக்கு மேசையும் போதும், யார் வந்தாலும் உட்கார வைக்கலாம். மிச்சத்தைப் பழைய சாமானாகத் தேடுங்கள். ஆசிரியர் இடமாற்றம் தை மாதத்தில் நடப்பதால் மார்கழிக் கடைசியில் அலுமாரி, கட்டில், மேசை எல்லாம் விலைக்கு வரும். பாடசாலை ஓய்வறையிலும் வைத்தியசாலை விடுதியிலும் சொல்லி வையுங்கள். ஏற்றிக்கொண்டு போகும் கூலியைவிட உங்களுக்குக் கொடுப்பது அவருக்கு லாபம் என்ற கணக்கில்தான் நல்ல விலை வரும்.

பழைய மர அலுமாரி பார்க்கும் முறை: முதலில் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மணந்து பாருங்கள், பூஞ்சணம் பிடித்தது உடனே தெரியும். பிறகு லாச்சியை முழுசாக வெளியே இழுத்துக் கவிழ்த்துங்கள். கறையான் பாதை அடியில்தான் ஓடும், முகப்பில் ஓடாது. பின் பலகையைத் தட்டுங்கள். டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டால் உள்ளே தின்றாயிற்று. காலை நகத்தால் அழுத்துங்கள், மாவாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். தேக்கு, முதிரை என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பொலிஷ் போனது ஒரு குறையே இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். பிரம்பு பிய்ந்த மரக் கதிரை கிடைத்தால் விடாதீர்கள். பிரம்பு பின்ன ஆள் கிடைக்காவிட்டாலும் பலகைத் துண்டொன்று வெட்டிப் போட்டு மெத்தை வைக்கலாம்.

மரத்தூள் பலகையில் செய்த பளபளப்பான அலுமாரியை நான் இந்த ஊருக்குச் சொல்லமாட்டேன். ஒரு மாரி ஈரம் அடியில் ஏறினால் பலகை உப்பிக் கதவு மூடாது. ஒரு தடவை கழற்றிப் பூட்டினால் ஆணி பிடிக்காது. இரும்பு அலுமாரி வாவிப் பக்கம் பரவாயில்லை. கல்லடி, நாவலடியில் கடற்காற்று கீழ் விளிம்பிலிருந்தே அரித்துக்கொண்டு வரும். வாங்கினால் கால் நாலுக்கும் கீழே செங்கல் வைத்து, விளிம்புக்கு வருடமொருமுறை பெயின்ட் அடியுங்கள். கடற்கரைப் பக்கம் யன்னல் கொண்டிக்கும் பூட்டுக்கும் மாதமொருமுறை ஒரு துளி எண்ணெய் விடாவிட்டால் இறுகிவிடும்.

அலுமாரி கிடைக்கும்வரை சுவரோடு ஒரு கம்பி கட்டி உடுப்பைத் தொங்கவிட்டு முன்னால் சீலை மறைப்புப் போட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். யன்னல் சீலைக்குத் தைத்த திரை வாங்காதீர்கள். மருதமுனைக் கைத்தறித் துணியை யார் கணக்கில் வாங்கி, பக்கத்துத் தையல்காரரிடம் விளிம்பு மட்டும் மடித்துத் தைத்தால் பாதி விலை. பருத்தி என்பதால் காற்றும் போகும், வெயிலில் நிறம் மங்கினால் நிலம் துடைக்கவும் ஆகும்.

தவணையா, சீட்டா

கடைக்காரரிடம் காசுக்கு எவ்வளவு, தவணைக்கு எல்லாம் கூட்டி எவ்வளவு என்று இரண்டு தொகையையும் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாதத் தவணையை மட்டும் கேட்டால் எதுவும் மலிவாகத்தான் தெரியும். வித்தியாசம் எவ்வளவு மாத வாடகை என்று கணக்குப் போட்டுப் பார்த்தபின் கையெழுத்து வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் சீட்டு ஓடினால் சேருங்கள். புது ஆளுக்கு முதல் சீட்டுத் தரமாட்டார்கள், நாலாவது ஐந்தாவது கிடைத்தாலும் மெத்தைக்கோ அலுமாரிக்கோ காசு முழுசாகக் கையில் வரும். சித்திரைப் புதுவருடத்துக்கு முன்னர் மின் சாமான் கடைகள் விலைக்கழிவு போடும். அந்த நேரத்துக்குச் சீட்டைக் கேட்டு எடுத்துக்கொண்டால் காசு கொடுத்தே வாங்கலாம். ஒரு மாத வாடகை அளவு காசை மட்டும் எதற்கும் தொடாமல் வங்கியில் வைத்திருங்கள். மோட்டார் எரியும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.

மாரிக்கு முன்னர்

புரட்டாதி கடைசியில் கூரையில் ஒருவரை ஏற்றி ஓடு விலகியிருக்கிறதா, பீலியில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் செய்யுங்கள். மழை தொடங்கியபின் ஆள் கிடைக்காது. வீட்டுக்கு மேல் சாய்ந்த தென்னை இருந்தால் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லுங்கள். 1978 சூறாவளியைப் பார்த்த வயதானவர் என்றால் மறுபேச்சில்லாமல் வெட்டுவிப்பார். அரிசியும் மாவும் மூடி போட்ட வாளிக்கு மாறட்டும். நிலத்தில் கிடக்கும் பெட்டி, புத்தகம், காஸ் அடுப்பு எல்லாம் செங்கல்லுக்கு மேல் ஏறட்டும். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தடித்த பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கட்டிலை வடகிழக்கு யன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள். வாடைக் காற்றோடு வரும் மழை சாய்ந்துதான் அடிக்கும், மெத்தை நனைந்தால் தை பிறந்து வெயில் வரும்வரை காயாது.